குவாண்டம் புலக் கோட்பாட்டில் அளவீடும் காரணகாரியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் இயக்கவியலை ஓரளவு கற்றுவிட்டு, சார்பியல் சார்ந்த குவாண்டம் புலக் கோட்பாட்டுக்குள் நுழைபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒளியை விஞ்சி எந்தச் செய்தியும் செல்லாது என்பதைப் புலக் கோட்பாடு தானாகவே உறுதிசெய்துவிடுகிறது என்று பெரும்பாலான பாடநூல்கள் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அளக்கும் செயலையும் கணக்கில் சேர்த்தால் அந்தக் கூற்று முழுமையானதல்ல. எந்த அளவீடுகள் இயற்கையில் நிகழக்கூடியவை என்பதையும் தனியே கேட்டாக வேண்டும். கீழுள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

அளவீட்டு விதி சார்பியலோடு எங்கே மோதுகிறது?

பாடநூல் குவாண்டம் இயக்கவியலில் நிலைகள் இரண்டு வகையில் மாறுகின்றன. யாரும் அளக்காதபோது ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி நிலை தொடர்ச்சியாக மாறிக்கொண்டிருக்கிறது; அளந்தவுடன், கிடைத்த விடைக்குப் பொருந்தும் நிலையாக அது ஒரேயடியாக மாறிவிடுகிறது. இந்த இரண்டாம் விதியை 1932-இல் ஜான் வான் நியூமான் கணித வடிவில் வகுத்தார். 1951-இல் கெர்ஹார்ட் லூடர்ஸ் அதைத் திருத்தி, இன்று வழக்கில் உள்ள வடிவத்தைத் தந்தார். அளந்தவுடன் நிலை எல்லா இடத்திலும் மாறுகிறது என்று சொல்லும்போது, வெளி முழுவதற்கும் பொதுவான ஒரு கணம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். சார்பியலில் அப்படிப்பட்ட கணம் எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒரே நேரத்தில் நிகழ்பவையாகத் தோன்றும் இரண்டு நிகழ்வுகள், அவரைப் பொறுத்து நகரும் இன்னொருவருக்கு முன்னும் பின்னுமாகத் தோன்றும். ஆகவே எந்தக் கணத்தில் நிலை மாறியது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது.

புலக் கோட்பாட்டில் காரணகாரிய நிபந்தனை எப்படி எழுதப்படுகிறது?

கால–வெளியில் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து புறப்படும் ஒளி மற்றொன்றை எந்தத் திசையிலும் எட்ட முடியாது என்றால், அவற்றை இங்கே ஒளித்தொடர்பற்ற பகுதிகள் என்று குறிப்பிடுவோம். அப்படிப்பட்ட இரு பகுதிகளைச் சேர்ந்த அளவிடத்தக்க கணியங்களின் செயலிகள் ஒன்றோடொன்று பரிமாற வேண்டும், அதாவது எதை முதலில் செயல்படுத்தினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ருடால்ஃப் ஹாக், டேனியல் காஸ்ட்லர் ஆகிய இருவரும் 1964-இல் வகுத்த இயற்கணிதக் கட்டமைப்பில் இது அடிப்படை எடுகோள்களில் ஒன்றாக இடம்பெறுகிறது. எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான்களின் புலங்கள் பரிமாறுவதில்லை. அவற்றின் வரிசையை மாற்றினால் குறி எதிர்மறையாகும். ஆனால் மின்னூட்ட அடர்த்தி போன்ற அளவிடத்தக்க கணியங்களில் அந்தப் புலங்கள் இரட்டைப்படை எண்ணிக்கையிலேயே வருவதால், நிபந்தனை அங்கும் நிலைக்கிறது.

ஃபெய்ன்மனின் பரப்பிச் சார்பு ஒளிக்கூம்புக்கு வெளியே சுழியாக இல்லையே? அது மீறல் ஆகாதா?

ஆகாது. பரப்பிச் சார்பு என்பது கால–வெளியின் இரண்டு புள்ளிகளில் உள்ள புலத்தை இணைக்கும் சார்பு; ஒளிக்கூம்பு என்பது ஒரு நிகழ்விலிருந்து ஒளி எட்டக்கூடிய பகுதியின் எல்லை. நிறையுள்ள புலத்தின் பரப்பிச் சார்பு ஒளிக்கூம்புக்கு வெளியே, துகளின் நிறை தீர்மானிக்கும் காம்டன் அலைநீள அளவில் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறதே தவிர, சுழியாவதில்லை. எலக்ட்ரானுக்கு இந்தத் தேய்வு நீளம் சுமார் 3.86 × 10⁻¹³ மீட்டர். அந்தச் சார்பு குறிப்பது, துகள்கள் எதுவும் இல்லாத வெற்றிட நிலையில் ஏற்கெனவே உள்ள ஒப்புறவை, அதாவது இரு இடங்களின் விடைகளுக்கு இடையிலான புள்ளியியல் தொடர்பை. தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் ஒப்புறவு இருப்பது வேறு, ஓரிடத்தில் செய்யும் செயல் மற்றோரிடத்தில் உணரப்படுவது வேறு. பின்னதைத் தீர்மானிப்பது இரு புலச் செயலிகளின் வரிசையை மாற்றும்போது கிடைக்கும் வேறுபாடு. அது ஒளிக்கூம்புக்கு வெளியே துல்லியமாகச் சுழியாகிறது.

பின்னப்பட்ட துகள்களில் ஒன்றை அளந்தால் மற்றொன்று உடனே மாறுகிறதே?

ஒப்புறவு உண்மையானது, செய்திதான் செல்வதில்லை. விடைகள் துகள்களில் முன்கூட்டியே உள்ளூரில் பதிந்திருந்தால் ஒப்புறவு தாண்ட முடியாத எல்லையை ஜான் பெல் 1964-இல் ஒரு சமனின்மையாகக் காட்டினார்; அது மீறப்படுவதைப் பல சோதனைகள் உறுதிசெய்துள்ளன. 2015-இல் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் நடந்த சோதனை, அதற்கு முன் இருந்த முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்தது. இத்துறைப் பணிக்காக அலான் ஆஸ்பே, ஜான் கிளௌசர், ஆண்டன் சைலிங்கர் ஆகியோருக்கு 2022-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செய்தி செல்லாது என்பதற்கான நிறுவல் சில வரிகளில் அடங்கும். ஒரு பகுதியில் அளந்துவிட்டு, விடை என்ன என்பதை மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால், தொலைவிலுள்ளவரின் கணியத்தின் இருபுறமும் அளவீட்டுச் செயலிகள் வந்து அமர்கின்றன. தொலைவிலுள்ள கணியம் அவற்றோடு பரிமாறுவதால் அதை வெளியே எடுத்துவிடலாம்; எஞ்சும் செயலிகளின் கூட்டுத்தொகை ஒன்று. ஆகவே அங்கு அளந்தார்களா இல்லையா என்பது இங்குள்ள புள்ளிவிவரத்தில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. வெற்றிட நிலையே இவ்வகையில் பின்னப்பட்டதாக உள்ளது. கட்டற்ற, அதாவது இடைவினையற்ற, புலங்களின் வெற்றிடம் பெல் சமனின்மையை மீறுகிறது என்பதை ஸ்டீபன் சம்மர்ஸும் ரைன்ஹார்ட் வெர்னரும் 1980-களில் நிறுவினர்.

அப்படியானால் பரிமாற்று நிபந்தனை இருந்தால் போதுமா?

போதாது. மேலே சொன்ன நிறுவலில் இரண்டு பகுதிகள் மட்டுமே இருந்தன. ரஃபேல் சோர்கின் 1993-இல் மூன்று பகுதிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தபோது, பாடநூல் விதி உடைந்துபோனது.

‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று மூன்று பகுதிகளை எண்ணிக்கொள்வோம். ‘அ’வும் ‘இ’யும் ஒளித்தொடர்பற்றவை. இடையிலுள்ள ‘ஆ’ அகன்றது: அதன் ஒரு பாகம் ‘அ’வின் எதிர்காலத்தில் இருக்கிறது, மற்றொரு பாகம் ‘இ’யின் கடந்தகாலத்தில் இருக்கிறது. ‘அ’வில் இருப்பவர் புலத்தைச் சற்றே தட்டுகிறார், அல்லது தட்டாமல் விடுகிறார். ‘ஆ’வில் ஒரு கணியம் லூடர்ஸ் விதிப்படி அளக்கப்படுகிறது. ‘இ’யில் இருப்பவர் தம் இடத்துக் கணியம் ஒன்றை அளக்கிறார். ‘அ’வின் செயல் ‘இ’யில் கிடைக்கும் சராசரியை மாற்றக் கூடாது என்பது சார்பியலின் கோரிக்கை. ஆனால் ‘ஆ’வில் அளக்கப்படுவதாக எண்ணக்கூடிய பெரும்பாலான கணியங்களுக்கு அந்தச் சராசரி மாறுகிறது என்று சோர்கின் காட்டினார். பரிமாற்று நிபந்தனை இங்கே மீறப்படவே இல்லை. மீறலைக் கொண்டுவந்தது நடுவில் உள்ள, லூடர்ஸ் விதியை அப்படியே பின்பற்றும் இலட்சிய அளவீடு.

புலங்களை விட்டுவிட்டு, வெகுதொலைவில் உள்ள இரண்டு குவாண்டம் பிட்டுகளைக் கொண்டு இதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டும் முதலில் 0 என்ற நிலையில் உள்ளன. இரண்டும் 0, இரண்டும் 1 என்ற இரு நிலைகளைச் சம எடையில், நேர்க்குறியோடு கூட்டினால் கிடைக்கும் பின்னப்பட்ட நிலையில் இந்த இணை உள்ளதா என்று ஆம்–இல்லை விடை தரும் இலட்சிய அளவீட்டை இரண்டின் மீதும் ஒருசேரச் செய்வதாகக் கொள்வோம். இடப்பக்கம் இருப்பவர் எதையும் செய்யாவிட்டால், அளவீட்டுக்குப் பிறகு வலப்பக்கப் பிட்டை அளந்தால் 0, 1 ஆகிய இரண்டும் சம வாய்ப்பில் கிடைக்கும். இடப்பக்கம் இருப்பவர் அளவீட்டுக்குச் சற்று முன் தம் பிட்டை 1 ஆகப் புரட்டிவிட்டால், அந்த நிலை கேட்கப்பட்ட நிலைக்குச் செங்குத்தானது. விடை எப்போதும் இல்லை என்றே வரும், நிலை தொடப்படாமல் இருக்கும், வலப்பக்கத்தில் உறுதியாக 0 கிடைக்கும். ஆக, இடப்பக்கத்தில் புரட்டினார்களா இல்லையா என்பதை வலப்பக்கத்தில் உள்ளவர் புள்ளிவிவரத்திலிருந்து படித்துவிடலாம். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்வதற்குள் இந்த அளவீட்டைச் செய்து முடிக்க முடியும் என்றால், ஒளியை விஞ்சிய செய்தி கிடைத்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு பிட்டுகளுக்கும் மேலே சொன்னதைப் போன்ற நான்கு பின்னப்பட்ட நிலைகள் உள்ளன; அவற்றில் எது என்று முழுமையாகக் கேட்கும் அளவீடு இதைவிட நுணுக்கமானது. ஆயினும் அது காரணகாரியத்தை மீறுவதில்லை. இரு பக்கங்களிலும் முன்கூட்டியே பகிர்ந்துவைத்த பின்னலைக் கொண்டு அதை நிறைவேற்றவும் முடியும். குறைவாகக் கேட்கும் அளவீடு தடைசெய்யப்பட்டு, கூடுதலாகக் கேட்கும் அளவீடு அனுமதிக்கப்படுகிறது என்பது பலரையும் திகைக்கவைக்கிறது. காரணம், தடைசெய்யப்பட்ட அளவீடு சில நிலைகளைக் கலைக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று கோருகிறது. அந்தக் காப்பாற்றுதலுக்குத்தான் தொலைவைக் கடந்த ஒத்துழைப்பு உடனடியாகத் தேவைப்படுகிறது.

எப்படிப்பட்ட அளவீடுகள்தாம் அனுமதிக்கப்படுகின்றன?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர்கள் கிறிஸ்டோபர் ஃபியூஸ்டரும் ரைனர் வெர்ச்சும் என்பது என் கருத்து. 2020-இல் வெளியான அவர்களது கட்டமைப்பில், அளக்கும் கருவியும் ஒரு குவாண்டம் புலமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது; அதை ஆய்வுப் புலம் என்போம். அளக்கப்படும் புலமும் ஆய்வுப் புலமும் கால–வெளியின் ஒரு வரம்புக்குட்பட்ட பகுதியில் மட்டுமே ஒன்றோடொன்று இடைவினை புரிகின்றன. அதற்கு முன் இரண்டும் தனித்தனி. அதற்குப் பின்னும் தனித்தனி. இடைவினை முடிந்த பிறகு ஆய்வுப் புலத்தில் ஒரு கணியத்தை அளக்கிறோம். சிதறல் கணக்கின் வழியாக, அந்த விடை முதல் புலத்தின் எந்தக் கணியத்தைப் பற்றிச் சொல்கிறது என்பதையும், அளவீட்டுக்குப் பின் அப்புலத்தின் நிலை எப்படித் திருத்தப்பட வேண்டும் என்பதையும் வருவிக்க முடிகிறது. நிலை மாற்றும் விதி இங்கே வெளியிலிருந்து திணிக்கப்படுவதில்லை. இடைவினையிலிருந்து தானே கிடைக்கிறது.

ஹென்னிங் போஸ்டல்மன், ஃபியூஸ்டர், மாக்சிமிலியன் ரூப் ஆகிய மூவரும் 2021-இல் இந்தக் கட்டமைப்பைச் சோர்கினின் மூன்று பகுதிகளுக்குப் பொருத்திப் பார்த்தனர். இடைவினை உள்ளூர்த் தன்மை உடையதாக இருந்தால், ‘அ’விலிருந்து ‘இ’க்கு எந்தச் செய்தியும் செல்வதில்லை என்று நிறுவினர். நிகழ முடியாத அளவீட்டைச் செய்ய, நிகழ முடியாத கருவி வேண்டும் என்பதே அவர்கள் முடிவின் சாரம். சோர்கின் கண்ட முரண்பாடு புலக் கோட்பாட்டின் குறையன்று. எந்தக் கருவியாலும் நிறைவேற்ற இயலாத ஒரு செயலை அளவீடு என்று எழுதிவிட்டதன் விளைவு.

இதிலிருந்து, புலத்தின் சில கணியங்களை அறியவே முடியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கட்டற்ற ஸ்கேலார் புலத்தில், ஒரு பகுதியைச் சேர்ந்த எந்தக் கணியத்தின் புள்ளிவிவரத்தையும் அடுத்தடுத்த ஆய்வுப் புலங்களின் வரிசையால் எவ்வளவு நெருக்கமாகவும் அணுகலாம் என்று பின்னர் நிறுவப்பட்டது. ஒரு கணியத்தின் மதிப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. அளந்த பின் நிலை என்னவாகிறது என்பது வேறொரு கேள்வி. லூடர்ஸ் விதி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. காரணகாரியம் அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்கிறது.

கருவியையும் இயற்பியல் பொருளாக எண்ணும் போக்கு புதியதா?

இல்லை. லெவ் லந்தாவும் ருடால்ஃப் பெய்ர்ல்ஸும் 1931-இல், சார்பியல் சூழலில் மின்காந்தப் புலத்தை அளப்பதே பொருளற்றதாகிவிடலாம் என்று ஐயம் எழுப்பினர். நீல்ஸ் போரும் லியோன் ரோசன்ஃபெல்டும் 1933-இல் அதற்கு நீண்ட மறுமொழி எழுதினர். ஒரு புள்ளியில் உள்ள புலத்தை விட்டுவிட்டு, கால–வெளியின் ஒரு பகுதியில் அதன் சராசரியைக் கேட்க வேண்டும். அளக்கப் பயன்படும் மின்னூட்டப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பதையும் விடாமல் கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் கோட்பாடு அனுமதிக்கும் துல்லியத்தை அளவீடும் எட்டும் என்று காட்டினர். இன்றைய கணிதம் அவர்களிடம் இல்லாதபோதும் பாதை சரியாகவே இருந்தது.

அன்ரூ–டெவிட் கண்டறிவி என்பது என்ன?

இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட ஓர் எளிய அமைப்பு, தன் பாதையில் உள்ள புலத்தோடு சிறிது நேரம் இடைவினை புரிந்து, மேல் மட்டத்துக்குத் தாவினால் ஏதோ ஒன்றைக் கண்டதாகக் கொள்ளப்படும். வில்லியம் அன்ரூ 1976-இலும், பிரைஸ் டெவிட் 1979-இலும் இதன் வடிவங்களை முன்வைத்தனர். கணக்கிட எளிதானது, அணுக்கள் ஒளியோடு புரியும் இடைவினையைப் பெருமளவு சரியாகவே படம்பிடிக்கிறது. ஆனால் கண்டறிவியைப் புள்ளியாகக் கொள்ளாமல் இடத்தில் பரவியதாகக் கொண்டு, அதன் எல்லாப் பாகங்களும் ஒரே உள்நிலையால் ஆளப்படுவதாக எழுதினால், அந்தப் பரவலுக்குள் செய்தி ஒளியை விஞ்சிப் பரவுவது போன்ற சிறு பிழை நுழைந்துவிடுகிறது. புள்ளியளவுக் கண்டறிவியில் இந்தப் பிழை இல்லை. மாதிரியின் எல்லையை அறிந்து பயன்படுத்துபவருக்கு இது பயனுள்ள கருவியே.

ஒரு துகள் இந்த இடத்தில்தான் உள்ளது என்று சொல்ல முடியாதா?

கண்டிப்பான பொருளில் முடியாது. எலக்ட்ரானை அதன் காம்டன் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்துக்குள் அடைக்க முயன்றால், அதற்குச் செலவிடும் ஆற்றல் 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற எல்லையைத் தாண்டி, புதிய எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகள் தோன்ற இடம் கொடுக்கும் என்பது பழைய விளக்கம். இதற்குப் பின்னால் மேலும் ஆழமான தேற்றங்கள் உள்ளன. ஆற்றலுக்குக் கீழெல்லை உண்டு என்று மட்டும் கொண்டால், ஒரு கணத்தில் வரம்புக்குள் முழுதாக அடைபட்டிருக்கும் துகள் அடுத்த கணமே எவ்வளவு தொலைவிலும் காணப்படும் வாய்ப்பைப் பெற்றுவிடும் என்று கெர்ஹார்ட் ஹெகர்ஃபெல்ட் 1974-இல் காட்டினார். டேவிட் மாலமென்ட் 1996-இல் இதே திசையில், வரம்புக்குட்பட்ட இடத்தில் துகள் இருப்பதைச் சொல்லும் செயலிகளைச் சார்பியலுக்கு இசைய அமைக்கவே இயலாது என்று நிறுவினார்.

ஹெல்முட் ரீ, சீக்ஃபிரிட் ஷ்லீடர் ஆகியோரின் 1961-ஆம் ஆண்டுத் தேற்றம் இதன் மறுபக்கம். எவ்வளவு சிறிய பகுதியைச் சேர்ந்த கணியங்களைக் கொண்டும் வெற்றிடத்திலிருந்து எந்த நிலையையும் விரும்பிய அளவு நெருங்கலாம் என்கிறது அது. அதன் நேரடி விளைவாக, வரம்புக்குட்பட்ட எந்தக் கண்டறிவியும் வெற்றிடத்தில் முழு மௌனமாக இருக்க முடியாது. எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது தவறாகச் சைகை காட்டும் வாய்ப்பு ஒன்று எஞ்சியே தீரும். சோர்கின் தம் கட்டுரையில் ‘ஆ’வின் அளவீட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்ட, புலம் ‘ஒரு துகள் நிலையில் உள்ளதா’ என்ற கேள்வி எந்த வரம்புக்குட்பட்ட பகுதிக்கும் கண்டிப்பாகச் சொந்தமானதல்ல என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

ஃபெர்மியின் இரண்டு அணுச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

தீர்ந்துவிட்டது. கிளர்ந்த நிலையில் ஓர் அணு, தாழ்நிலையில் தொலைவில் மற்றோர் அணு. ஒளி சென்றுசேரும் நேரத்துக்கு முன் இரண்டாவது அணு கிளர்ச்சியடையுமா என்று என்ரிகோ ஃபெர்மி 1932-இல் கேட்டார். இல்லை என்ற விடையை அவர் பெற்றது ஒரு தோராயத்தின் துணையால்தான். அந்தத் தோராயத்தை நீக்கினால், தொடக்கத்திலேயே கிளர்ச்சி வாய்ப்பு சுழியாக இருப்பதில்லை என்று ஹெகர்ஃபெல்ட் 1994-இல் சுட்டிக்காட்டியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. டெட்லெஃப் புக்ஹோல்ட்ஸும் யாகோப் இங்வாசனும் அதே ஆண்டில் விளக்கம் தந்தனர். வெற்றிடத்தின் மௌனமின்மையால் இரண்டாவது அணு தானாகவே சைகை காட்டலாம். ஆகவே கேட்க வேண்டியது, முதல் அணு இருக்கும்போதும் இல்லாதபோதும் இரண்டாவது அணுவிடம் கிடைக்கும் சராசரிகளின் வேறுபாடு என்ன என்பதே. அந்த வேறுபாடு ஒளி வந்துசேரும்வரை சுழியாகவே இருக்கிறது. அணுக்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் அது சுமார் 3.3 நானோநொடி.

நிலை மாறுவது கால–வெளியில் எந்த எல்லையை ஒட்டி?

கார்ல்-எபர்ஹார்ட் ஹெல்விக், கார்ல் கிரௌஸ் ஆகியோர் 1970-இல் முன்மொழிந்த விதிப்படி, அளவீட்டுப் பகுதியின் கடந்தகால ஒளிக்கூம்பை ஒட்டி நிலை மாறுகிறது. எல்லா நோக்கர்களுக்கும் அந்த எல்லை ஒன்றே. உள்ளூர் அளவீடுகளுக்கு அது சரியான வாய்ப்புகளைத் தருகிறது. யாகிர் அஹரொனோவும் டேவிட் ஆல்பர்ட்டும் 1980, 1981-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில், பல இடங்களில் பரவிய சில கணியங்களையும் காரணகாரியத்தை மீறாமல் அளக்கலாம் என்றும், அவற்றைக் கணக்கில் எடுத்தால் அந்த விதி பிழையாகிறது என்றும் காட்டினர். அவர்களின் பார்வையில், நிலை என்பது கால–வெளிப் புள்ளிகளின் மீது வரையப்படும் ஒன்றல்ல. காலத்தைக் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு பரப்புக்கும் ஒவ்வொன்றாக அமைவது. உள்ளூர் அளவீடுகளின் வாய்ப்புகளைக் கணக்கிட இரண்டு பார்வைகளும் உதவும்போது, நிலை மாற்றத்தை வெளியில் பரவிச் செல்லும் அலைபோல எண்ணத் தேவையில்லை என்பதே இந்த விவாதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

முடுக்கிச் சோதனைகள் இதைக் கவனிக்காமலேயே நடக்கின்றனவே?

அங்கே துகள்கள் வெகுதொலைவிலிருந்து வந்து, மோதி, வெகுதொலைவுக்குச் செல்கின்றன. இறுதியில் ஒருமுறை மட்டுமே எண்ணப்படுகின்றன. சிதறல் வாய்ப்புகளுக்கு இடைநிலை அளவீடு தேவையில்லை. அடுத்தடுத்து, வரம்புக்குட்பட்ட இடங்களில், அளந்த நிலையின்மீதே மீண்டும் அளக்கும் சூழலில்தான் இந்தக் கேள்விகள் உயிர்பெறுகின்றன: புலங்களைக் கொண்டு குவாண்டம் தகவலை அனுப்பும்போதும், வளைந்த கால–வெளியில் கண்டறிவிகளை எண்ணும்போதும்.

இத்தோடு அளவீட்டுச் சிக்கல் முடிந்துவிட்டதா?

இல்லை. ஆய்வுப் புலத்தில் நாம் ஏன் ஒரே ஒரு விடையைக் காண்கிறோம் என்ற பழைய கேள்வியை மேலே சொன்ன எந்தக் கட்டமைப்பும் தொடுவதில்லை. ஆய்வுப் புலத்தை யார் அளப்பது என்று கேட்டால், இன்னோர் ஆய்வுப் புலம் என்றுதான் சொல்ல முடியும். அவை சாதித்திருப்பது வேறு: அந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகளை இணைத்தாலும் காரணகாரியம் குலையாது என்ற உறுதி.

அளவைப் புலங்களில், அதாவது மின்காந்த விசை, குவார்க்குகளைப் பிணைக்கும் விசை போன்றவற்றின் புலங்களில், வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. மூடிய வளையம் ஒன்றைச் சுற்றி வரையறுக்கப்படும் வில்சன் வளையச் செயலியை, நிலையைக் கலைக்காமல் அளக்க முடியுமா என்று டேவிட் பெக்மன், டேனியல் காட்ஸ்மன், அலெக்சை கிட்டாயெவ், ஜான் பிரெஸ்கில் ஆகியோர் 2002-இல் ஆராய்ந்தனர். மின்காந்தப் புலத்தைப் போன்ற பரிமாறும் வகையில் அது இயலும். குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைப் போன்ற பரிமாறாத வகையில் அப்படிப்பட்ட அளவீடு ஒளியை விஞ்சிய செய்திக்கு வழிவிடும் என்பதால் இயலாது. நிலையைக் கலைத்துவிட்டு அளப்பது மட்டுமே அங்கே சாத்தியம்.